பீரோவுக்குள் வைஃபை

மகன் வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீடியோவில் கூப்பிடுவான். ஐந்தாவது நிமிடம் வாய் திறந்தபடியே படம் உறைந்து நின்றுவிடும். "அம்மா, நெட் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்பது மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அந்த அப்புறம் அடுத்த ஞாயிறுதான். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் குரல் கொடுப்பது குக்கர் மட்டும்தான்.

அவளோ முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். சொந்த வீட்டு இணைப்பு இந்த லட்சணத்தில் இருந்தால் கோபம் வராதா? டெக்னீஷியனை வரவழைத்துவிட்டாள்.

அவர் கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் தேடிவிட்டு வந்தார்.

"ரூட்டர் எங்கம்மா?"

"பத்திரமா இருக்கு."

சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தாள். போர்வைகளுக்கு நடுவே, துண்டு போர்த்திக்கொண்டு அது கண் சிமிட்டியது. ஒயர் போக பீரோவின் முதுகில் ஆள் வைத்து ஓட்டையே போட்டிருந்தாள். மகன் வாங்கிக் கொடுத்ததாயிற்றே, தூசு படலாமா?

டெக்னீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இரும்புக்குள்ள பூட்டி வெச்சா சிக்னல் எப்படிம்மா வெளிய வரும்?" கூடத்து அலமாரி மேல் தூக்கி வைத்தார். "இனிமே நாள் பூரா பேசலாம், அறுபடாது."

ஞாயிறு வரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதியே வைத்தாள். மூட்டு வலி, மாடி வீட்டுக்காரியோடு தண்ணீர்ச் சண்டை, பரணில் அகப்பட்ட அவன் பழைய கால்பந்து என்று பதினோரு விஷயம்.

மகன் திரையில் வந்தான். அப்படி ஒரு தெளிவு. காதோரம் நரை. இது எப்போது வந்தது? அவள் இரண்டாவது விஷயத்தில் இருந்தாள். அவன் கண், பக்கத்தில் வேறெதையோ பார்த்துப் பார்த்துத் திரும்பியது.

"அம்மா... ஹலோ... கட் ஆகுதும்மா. நெட் சரியில்ல, அப்புறம் பேசறேன்."

படம் துளியும் உறையவில்லை. லைன் சரியில்லை என்பவர்களில் யாருக்கு நிஜமாகவே சரியில்லை என்பது குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். முப்பத்திரண்டு வருடம் சும்மாவா?

"ஆமாண்டா, இங்கயும் சரியா கேக்கல. வெச்சிடு."

தாளை நான்காக மடித்தாள். ரூட்டரை இறக்கி, ஓட்டை வழியே ஒயரை நுழைத்து, துண்டு போர்த்தி, பீரோவைப் பூட்டினாள். அடுத்த ஞாயிறு அவன் பொய் சொல்ல வேண்டியிருக்காது.