கரண்டு மணி ஐந்து

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அதை இங்கயே கேட்டா என்னவாம்?"

"இங்கயா? நான் கம்பத்து மேல நிக்கிறேன். பதில் ஏடாகூடமா வந்துச்சுன்னா கீழ விழுந்துடுவேன்."

"அப்போ இறங்கி வந்து கேளுங்க."

"இறங்கினா தைரியம் போயிடும். அஞ்சு மணி. டிக்கெட் கவுண்டர் பெஞ்சுகிட்ட. நீங்க வரலைன்னா வேண்டாம்னு புரிஞ்சுக்கறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஆறு மாதத்துக்கு முந்தைய பேச்சு இது. கம்பத்தின் மேலே நின்றவன் லைன்மேன். கீழே தண்ணீர் பாட்டிலோடு அண்ணாந்து நின்றவள், எதிரே இருந்த தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவள். பட்டறையில் எல்லோரும் அவளைக் கத்திரி என்றே கூப்பிடுவார்கள். விசாரணை மண்டபத்தின் முன்வரிசையில், மடியில் ஒரு காகிதச் சுருளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்தக் காலை நேரத்திலும், அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அவளுக்கு மறக்கவில்லை.

"தைரியமா இருக்கியா, பயமா இருக்கா?" என்றார் பக்கத்தில் இருந்த அப்பா. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூட்டு வலி வந்து வீட்டோடு ஆனாலும், சட்டைப் பையில் விசில் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

"பயமெல்லாம் இல்லப்பா."

"பின்ன ஏன் அந்த ஆரஞ்சு சட்டைக் கூட்டத்தையே பாத்துட்டு இருக்க?"

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்டபத்தின் இடது பக்கம் மின்சாரக் கம்பெனி தன் ஊழியர்களுக்கெல்லாம் ஆரஞ்சு பனியன் மாட்டி, நாற்காலிகளை நிரப்பி வைத்திருந்தது. மூன்றாவது வரிசையில் லைன்மேன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஏழு மாதத்துக்கு முன் மின்சாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டபோது, ‘இனி விலை குறையும், தடையே இருக்காது’ என்று ஊரெங்கும் பெரிய பெரிய பலகைகள் வைத்தார்கள். பிறகு நடந்ததென்னவோ, அந்தப் பலகைகளில் மட்டும்தான் விளக்கு அணையாமல் எரிந்தது. வீடுகளில், கடைகளில், பட்டறைகளில் கரண்டு நினைத்தபோது போனது. தினமும் முறை வைத்து நிறுத்துகிறோம், சராசரி ஒரு மணி நாற்பது நிமிடம்தான் என்றது கம்பெனி. இன்றைய விசாரணை அதைப் பற்றியது. கம்பெனி சொல்வதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டால் உரிமம் இன்னும் பத்து வருடத்துக்கு நீளும்.

"நீண்டுச்சுன்னா நான் மெஷினை எல்லாம் வித்துடறேன்டி. என்னால முடியல" என்று நேற்றே சொல்லிவிட்டாள் முதலாளியம்மா. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை அது. பதினோரு பெண்கள். அதில் ஏழு பேர் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. கத்திரியும் அந்த ஏழில் ஒருத்தி.

அவள் மடியில் இருந்த சுருளின் கதை இதுதான். பட்டறைச் சுவரில் ஒரு பழைய மின்கடிகாரம் உண்டு. பேட்டரி கிடையாது, நேரே பிளக்கில் ஓடுவது. கரண்டு போனால் முள் அப்படியே நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து நடக்கும். கம்பெனி வந்த பிறகு முதலாளியம்மா ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தாள். காலை எட்டு மணிக்குக் கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைப்பது. அது ஐந்து காட்டும்போது வேலையை முடிப்பது. மெஷின் ஓடும் நேரம்தானே வேலை நேரம்? பட்டறைக்கு ஜன்னலும் இல்லை. ஆக, கொஞ்ச நாளிலேயே அந்தப் பெண்களுக்கு நேரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்று ஊர் மணி. இன்னொன்று கரண்டு மணி.

"எங்க வீட்டுக்காரருக்கு ஊர் மணிக்குப் பசிக்குது. நான் கரண்டு மணிக்குச் சமைக்கிறேன். நடுவுல தினம் ஒரு சண்டை" என்பாள் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா.

சீருடை ஏன் தாமதம் என்று கேட்கும் பள்ளிக்கூடத்துக்குக் காட்டுவதற்காக, வேலை முடியும்போது கடிகாரம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று முதலாளியம்மாவின் போனோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெட்டுமாதிரி வரையும் பழுப்புக் காகிதத்தில் கத்திரி தினமும் ஒரு கோடு போட்டாள். இருபது நிமிடத்துக்கு ஓர் அங்குலம். மறுநாள் கோடு, முந்தின நாள் கோடு முடிந்த இடத்தில் தொடங்கும். பக்கத்தில் தேதி. ஏழு மாதத்தில் காகிதம் தலையணை மாதிரி பருத்துவிட்டது.

அவன் வரச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமையும் அவள் பழக்கத்தில் கரண்டு மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முகம் கழுவித் தலை சீவினாள். ஐந்து அடித்ததும், கோடு போடும் வேலையை முதலாளியம்மாவிடம் விட்டுவிட்டுப் படியிறங்கினாள். தெரு இருட்டிக் கிடந்தது. ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். டிக்கெட் கவுண்டரில் மணி ஏழு இருபத்தைந்து. பெஞ்சு காலியாக இருந்தது.

"ஆறரை வரைக்கும் இருந்தாரும்மா. நாலு டீ குடிச்சாரு. அஞ்சாவது சொல்லிட்டு வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு" என்றார் டீக்கடைக்காரர்.

மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் மறுநாள் காலையில் ஊரே துணை மின்நிலையத்தின் கேட்டை மறித்து நின்றது. பட்டறைப் பெண்கள் அவளைத்தான் முன்னால் தள்ளி விட்டார்கள். கையில் அட்டை, தொண்டை கிழியக் கோஷம். கேட்டுக்கு உள்ளே ஆரஞ்சு பனியனில் அவன். அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அன்றிலிருந்து ஒரு வார்த்தை தொந்தரவு இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"சராசரி ஒரு மணி நாற்பது நிமிடம்" என்று மேடையில் கம்பெனி மேலாளர் திரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாப் பகுதிக்கும் சமமாக. எங்கள் கம்ப்யூட்டர் பதிவு இது."

"இன்னிக்கு மட்டும் ஏசி எப்படி ஓடுது பாரு! இங்கயே குடி வந்துடலாம் போல" என்று அப்பா உரக்கச் சொல்ல, பின்வரிசைகள் சிரித்தன.

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "பொதுமக்கள் தரப்புல யாராவது?" என்றார்.

கத்திரி எழுந்தாள். காகிதத்தின் நுனியை மேடை மேசையில் வைத்தாள். "எங்க பட்டறைக் கடிகாரம் கரண்டு போனா நின்னுடும்மா. அது தினம் நின்ன நேரத்தை இதுல கோடா போட்டிருக்கேன். இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கம்மா" என்றதும் தலைவி தன் தண்ணீர் டம்ளரை எடுத்து அதன்மேல் வைத்தார். பட்டறைப் பெண்கள் வரிசையாக எழுந்து சுருளைப் பிரித்துக்கொண்டே நடந்தார்கள். நடுவழியில் ஜனம் நெருக்கியது. அப்பா விசிலை எடுத்து ஊதினார்.

"வழி விடுங்க, வழி விடுங்க! உள்ள நிறைய இடம் இருக்கு!"

காகிதம் மண்டபத்தின் வாசற்படியைத் தொட்ட இடத்தில் அதில் ஒரு சிவப்பு நூல் தைத்திருந்தது. கத்திரி அங்கே நின்று திரும்பினாள்.

"கம்பெனி சொல்ற ஒரு மணி நாப்பது நிமிஷம் உண்மைன்னா, எங்க கோடு இந்த நூலோட முடியணும்மா. எழுபத்தோரு அடி."

"முடியலையா?"

"இன்னும் பாதி சுருள் கையிலயே இருக்கு."

சுருள் வாசலைத் தாண்டியது. உள்ளே இடம் கிடைக்காமல் வெயிலில் நின்ற கூட்டம் அதைக் கையில் வாங்கிக்கொண்டது. இஸ்திரி போடுகிறவர், மருந்துக்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒருத்தி என்று ஆளுக்கு ஒரு அடி பிடித்துக் கொண்டே போக, அது கேட்டைத் தொட்டு நின்றது. "நூத்தி இருபது அடி!" என்று வெளியிலிருந்து குரல் வந்தபோது மண்டபம் அதிர்ந்தது.

மேலாளர் கையை உயர்த்தினார். "அம்மா, இது ஒரு ஓட்டைக் கடிகாரம். கரண்டு இருக்கும்போதே மெதுவா ஓடுதோ என்னவோ? இதை ஆதாரம்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

தலைவி யோசித்தார். "கேள்வி நியாயம்தான். கடிகாரம் சரியா ஓடுதுன்னு எப்படிம்மா நம்பறது?"

கத்திரி திரும்பி முதலாளியம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின்களை மனசுக்குள் விற்றுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அப்போது ஆரஞ்சு வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"என்கிட்ட ஒரு நோட்டு இருக்குங்க" என்றான் லைன்மேன்.

"நீ உட்காருய்யா!" என்றார் மேலாளர்.

"உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்குது சார்." அவன் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தான். "சுவிட்சை இறக்கினா, எத்தனை மணிக்கு, யார் சொல்லி இறக்கினோம்னு கையால எழுதணும்மா. பழைய மின்வாரியத்துல கத்துக்கொடுத்தது. எழுதாம மறுபடி ஏத்திட்டா, கம்பியில வேலை செய்யறவன் கருகிப் போயிடுவான். கம்ப்யூட்டர் வந்த பிறகு எழுத வேண்டாம்னாங்க. எனக்குப் பழக்கம் விடல."

தலைவியின் முகம் மலர்ந்தது. "ரெண்டையும் ஒத்துப் பார்த்துடுவோம். நான் தேதி சொல்றேன். போன மாசம் பதினேழு."

"ஒன்பது இருபதுல இருந்து பத்து நாப்பது. மத்தியானம் ஒண்ணு பத்துல இருந்து ரெண்டு முப்பது."

"மொத்தம் ரெண்டு மணி நாப்பது நிமிஷம். காகிதத்துல?"

கத்திரி வாசலுக்கு வெளியே போய் அந்தத் தேதியில் இஞ்சு டேப்பை வைத்தாள். "எட்டு அங்குலம்மா. சரியா இருக்கு."

இன்னொரு தேதி. மூன்று தடவை நிறுத்தம், மூன்று மணி நாற்பது நிமிடம். பதினோரு அங்குலம். இம்மி பிசகவில்லை. கூட்டம் ஒவ்வொரு அளவுக்கும் கைதட்டத் தொடங்கிவிட்டது.

"கடைசியா ஒண்ணு. நீயே ஒரு நாள் சொல்லும்மா."

கத்திரி காகிதத்தின் தொடக்கத்துக்கு நடந்து வந்து, மேசைக்கு அருகில் விரலை வைத்தாள். "முதல் மாசம். கடைசி வெள்ளிக்கிழமை."

லைன்மேன் நிமிர்ந்து பார்த்தான். ஆறு மாதத்தில் முதல் முறையாக. நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினான்.

"பத்து அஞ்சுல இருந்து பதினொண்ணே கால். ரெண்டுல இருந்து மூணு. ரெண்டு தடவையும் இறக்கினது… நான்தான்."

"ஆறரை அங்குலம்" என்றாள் அவள். "அன்னைக்கு எங்க கடிகாரம் அஞ்சு அடிக்கும்போது ஊர்ல மணி ஏழு பத்து."

"அது சரி, இந்த நாளை ஏன் எடுத்த?" என்றார் தலைவி.

"அன்னைக்கு அஞ்சு மணிக்கு என்னை ஒருத்தர் வரச் சொல்லியிருந்தாரும்மா. நான் அஞ்சு மணிக்குத்தான் போனேன். எங்க அஞ்சு மணிக்கு."

மண்டபத்துக்கு அது மின்வெட்டைப் பற்றிய இன்னொரு புகார். கைதட்டல் எழுந்தது. நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நின்றவனுக்கு மட்டும் காது அடைத்துப்போனது.

"யார் சொல்லி இறக்கினீங்கன்னு எழுதியிருக்கா?" என்று தலைவி இரண்டு முறை கேட்ட பிறகுதான் அவனுக்கு நினைவு திரும்பியது. நோட்டைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"சந்தைப் பிரிவு. அடுத்த நாள், சந்தைப் பிரிவு. அதுக்கடுத்த நாளும் அதேதான். பழுதுன்னு ஒரு நாள்கூட இல்லம்மா. வெளியூர்ல கரண்டு விலை ஏறும்போதெல்லாம் போன் வரும். இங்க இறக்கு, அங்க விக்கணும்பாங்க."

ஏழு மாதமாக இருட்டில் உட்கார்ந்திருந்த கோபம் ஒரே மூச்சில் எழுந்து நின்றது. மேலாளரின் குரல் அதற்குள் எங்கோ போய்விட்டது. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று அவர் உதட்டசைவில் சொன்னதைத் தலைவி பார்த்துவிட்டார்.

"அதை நீங்க சொல்ல முடியாது சார். சாட்சி சொன்னவர் மேல கை வைக்கக் கூடாது. நாளையிலேர்ந்து கம்பெனி இங்க இருக்குமான்னு முதல்ல பாப்போம்."

குழு அரை மணி நேரம் உள்ளே போனது. திரும்பி வந்து தலைவி வாசித்தார்: உரிமம் நீட்டிக்கப்படாது. விநியோகம் மறுபடியும் பொது வாரியத்துக்கு. ஊழியர்கள் அப்படியே தொடர்வார்கள். வெளியே விற்பதற்காக உள்ளே நிறுத்துவது இந்த நிமிடத்தோடு முடிந்தது.

அவ்வளவுதான். காஜா எடுக்கும் அக்கா நாற்காலி மேல் ஏறிவிட்டாள். முதலாளியம்மா அழுதுகொண்டே, "திங்கக்கிழமை எட்டு மணிக்கு எவளாவது லேட்டா வந்தீங்க, பாருங்கடி!" என்று அதட்டினாள்.

"ஊர் மணிக்கா, கரண்டு மணிக்கா?" என்றாள் ஒருத்தி.

"இனிமே ரெண்டும் ஒண்ணுதான்டி!"

அப்பா விசிலை நிறுத்தவே இல்லை.

கூட்டம் தெருவில் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, கத்திரி மேடையிலிருந்து காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினாள். மறுமுனையில், கேட்டுக்கு அருகிலிருந்து வேறு யாரோ சுருட்டிக்கொண்டு வருவது இழுப்பில் தெரிந்தது. வாசற்படியில், சிவப்பு நூல் இருந்த இடத்தில், இரண்டு சுருளும் முட்டின. ஆரஞ்சு பனியனைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். உள்ளே வெளுத்துப்போன பழைய வாரியச் சட்டை.

"நாலு டீ குடிச்சீங்களாமே" என்றாள்.

"யார் சொன்னா?"

"அஞ்சாவதையும் குடிச்சுட்டு, இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தா என்ன?"

"உட்கார்ந்திருக்கலாம்தான்." அவன் சிரிக்கப் பார்த்து முடியாமல் நின்றான். "நானே சுவிட்சை இறக்கி, நானே உங்களை லேட் ஆக்கி, நானே கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கேன். என்னை மாதிரி ஒரு மடையனை நீங்க பாத்திருக்க முடியாது."

"பாக்கல. அன்னைக்கு என்னமோ கேக்கணும்னீங்களே? இப்போ கம்பத்து மேல இல்ல. தரையிலதான் நிக்கறீங்க."

"யப்பா, சீக்கிரம் கேளுப்பா" என்றார் பின்னால் வந்து நின்ற அப்பா. "என் மூட்டு ரொம்ப நேரம் தாங்காது."

லைன்மேன் தன் பக்கத்துச் சுருளை அவள் கையில் கொடுத்தான். கைகள் காலியானதும் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டான். தெருவின் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று, ஆறு மாதமாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததைப் பலமாகவே சொன்னான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, நீங்களும் அப்பாவும் எங்க வீட்டுக்கே வந்துடறீங்களா?"