மார்பளவுப் படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு தொழிலாளர் லயத்து வாசலில் வந்து நின்று, "பஞ்சாலை, பால்கத்தியும் வாளியும் எடுத்துக்கிட்டு வா" என்றார். பஞ்சாலை மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதி முடியிலேயே நின்றுவிட்டது. மரங்கள் இலை கொட்டும் மாசம் அது. பால் வற்றிப்போய் ஒரு வாரமாக வெட்டே கிடையாது. அதிலும் ஞாயிற்றுக்கிழமை.

"இன்னைக்கு எதுக்கு மண்டோரு வாளி?"

"வெட்டுக்கு இல்லலா, போட்டோவுக்கு. துரைசாணி நாட்டுல குளிர் வர்றப்ப மரமெல்லாம் இப்படித்தான் செவந்து கொட்டுமாம். இங்கயும் கொட்டுதுன்னு தங்கச்சிக்குப் படம் அனுப்பணுமாம். டவுன்லேருந்து போட்டோக்கார பாய் வந்திருக்காரு. படத்துல பால்வெட்டுற பொம்பள ஒருத்தி நிக்கணும்."

"அம்பது பேரு இருக்கோமே. நான் எதுக்கு?"

மண்டோர் பிடரியைச் சொறிந்துகொண்டார். "எனக்கென்ன தெரியும். பாய்தான் ஒன்னையக் கேட்டாரு."

"பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான்."

மதார் மைதீன் பாயை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். இரண்டரை வருசத்துக்கு முன்னால், காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்த புதிதில், அடையாளக் கார்டுக்காக வந்தவர். திடலில் வெள்ளைத் துணி கட்டி, முக்காலியில் ஆள் மாற்றி ஆள் உட்காரவைத்து, ஒரே நாளில் நானூறு முகங்களைப் பிடித்துக்கொண்டு போனார். நானூறில் ஒருத்தியின் பெயர் அவருக்கு ஏன் நினைவிருக்க வேண்டும்? இருக்காது. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பஞ்சாலை துடைத்த வாளியையே மறுபடி துடைத்தாள். மகள் முத்தாயியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் புருசன் சன்னாசி வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு மாசமாகிறது. தொழிலாளர் சங்கத்தில் பெயர் கொடுத்திருந்தவன். சங்கத்து ஆட்களைப் போலீஸ் ஒவ்வொருவராக அள்ளிக்கொண்டு போனபோது எப்படியோ தப்பினான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு லாரி வந்து நின்றால் போதும், சோற்றில் வைத்த கையை எடுத்துவிடுவான். ஒரு நாள் விடியற்காலையில், "கெமாஸுக்கு ரயில் வேலைக்குப் போயிருக்காருன்னு கேக்கறவங்ககிட்டச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கமாக நடந்தான். அவளும் சொன்னாள். கணக்கெழுதும் கிராணியிடம், மண்டோரிடம், தண்ணீர்க் குழாயடியில், எல்லாரிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி, போயே பார்த்திராத கெமாஸ் ஸ்டேசனும், அங்கே கரிப்புகைக்குள் மண்வாரியோடு நிற்கிற சன்னாசியும் அவள் கண்ணுக்கே தெரியும்படி ஆகிவிட்டது. தோட்டத்தின் பதினான்காம் நம்பர் பால்மரக் காட்டின் எல்லைக் கல்லருகே அவனுக்காக மூன்று தடவை அரிசி முடிச்சு வைத்தாள். இரண்டு முடிச்சுகளை யாரோ எடுத்துப் போனார்கள். மூன்றாவது முடிச்சு நாலு நாள் மழையில் ஊறி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதோடு சரி.

இது எவருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். போன தீபாவளிக்கு முன்னால் மூன்றாம் லயத்து வள்ளியம்மாவின் வாளிக்கு அடியில் காட்டு ஆட்களுக்கான அரிசி இருந்ததென்று அவளையும் இரண்டு பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டதாகப் பேச்சு. கடலையே பார்த்திராத பிள்ளைகள்.

முள்வேலிக் கேட்டருகே பாய் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, தோளில் கேமராவின் முக்காலித் தண்டு. காவலுக்குச் சிறப்புக் காவல்படைக்காரன் காசிம் துப்பாக்கியோடு நின்றான். பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க் கிராமத்திலிருந்து, வருகிறவன். அவனுடைய அம்மா லயத்தில் கூடை சுமந்து பலகாரம் விற்றவள். தமிழ் தெரியாதவன் போலத்தான் இருப்பான். ஆனால் யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவன் உதடு லேசாக விரியும். அவனுக்கு எவ்வளவு தமிழ் தெரியும் என்பது தோட்டத்தில் யாரும் தீர்க்காத சந்தேகம்.

"வா தங்கச்சி" என்றார் பாய். அவள் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

முதலில் லயத்தைச் சுற்றினார்கள். கூரை மேலும் சாக்கடையிலும் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் குவிந்து கிடந்தன. பாய் கேமராப் பெட்டியைத் திருப்பிய பக்கமெல்லாம் கதவுகள் சாத்திக்கொண்டன. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த லெட்சுமி, துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடும்போது பெட்டியைப் பார்க்கவில்லை, பஞ்சாலையைப் பார்த்தாள். போலீஸ்காரனோடும் படக்காரனோடும் வாசல் வாசலாக நடந்து வருகிறவள் காட்டிக்கொடுக்காமல் வேறு எதற்கு வருவாள்? தண்ணீர்க் குழாயடிப் பேச்சு நாளையிலிருந்து தன்னைக் கண்டதும் நின்றுவிடும் என்று பஞ்சாலைக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அடுத்து துரை பங்களாவின் பூங்கா. உதிர்ந்ததைக் கூட்டக்கூடாதென்று தோட்டக்காரனுக்கு உத்தரவாம். வாதுமை மரத்தடியில் உள்ளங்கை அகல இலைகள் ரத்தச் சிவப்பில் புல்லை மூடியிருந்தன. துரைசாணி படியில் நின்று கையைக் காட்டி, இங்கே, அங்கே என்றாள். பஞ்சாலை வாளியோடு அங்கங்கே நின்றாள். பாய் அதிகம் பேசவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். பிறகு துரைசாணியிடம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"காட்டுக்குள்ள ரெண்டு படம் எடுத்தாத்தான் நல்லாருக்கும்" என்றார் பஞ்சாலையிடம். "பதினாலாம் நம்பர்ல நல்லாச் செவந்திருக்காமே."

பதினான்கு. அவள் அரிசி முடிச்சு வைத்த காடு.

பால்மரக் காட்டுக்குள் வெயில் தரை வரை இறங்கியிருந்தது. மற்ற மாசங்களில் பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கிற இடம். இப்போது நிரை நிரையாகக் கிளைகள் வெறுமனே நிற்க, முந்நூறு மரத்துக்கு அப்பால் ஒரு நாய் போனாலும் தெரிந்தது. சருகு கணுக்கால்வரை. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பின்னால் வரும் காசிம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதைத் திரும்பாமலேயே அவளால் சொல்ல முடிந்தது. எல்லைக் கல்லுக்கு இருபது மரம் இருக்கும்போது பாய் நின்றார்.

"இங்க போதும். மரத்தப் பார்த்து நில்லு தங்கச்சி. கத்தியப் பட்டையில வை. நான் என்ன சொன்னாலும் திரும்பாத. படம் ஆடிப்போயிரும்."

காசிம் பத்து மரம் தள்ளி நின்று சுருட்டு பற்றவைத்தான். பாய் துணிக்குள் தலையை விட்டார். குரல் துணிக்குள்ளிருந்து தாழ்ந்து வந்தது.

"போலீஸ் ஸ்டேசன்ல எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. காட்டுல செத்தவங்களக் கொண்டாந்து போட்டா, நான்தான் படம் எடுத்துக் குடுக்கணும். போன மாசம் ஒரு ஒடம்பு. ஆத்துல மூணு நாள் கெடந்திருக்கு. மொகத்த வச்சு ஆராலயும் சொல்ல முடியாது. கைரேகையும் ஊறிப்போச்சு. ஆனா காது மாறாது தங்கச்சி. அந்தக் காத நான் எங்கயோ பார்த்திருக்கேன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. கார்டுக்கு எடுத்த படத் தகடெல்லாம் கடையிலதான் இருக்கு. ஒவ்வொண்ணா வச்சு ஒத்துப் பார்த்தேன்."

சருகு எங்கோ நொறுங்கியது. துணி அசையவில்லை.

"ஒன் வீட்டுக்காரரு தகடு."

பட்டையில் வைத்திருந்த கத்தி தானாக வழுக்கியது.

"கைய எறக்காத! தூக்கு!" என்று பாய் உரக்கச் சொன்னார். அது காசிமுக்காகச் சொன்னது. பிறகு மறுபடி தாழ்ந்தார். "போலீசுக்கு நான் சொல்லல. சொன்னா ஒன்னையத் தேடி வருவாங்க. ஆனா ஒனக்குத் தெரியணும். எங்க ராத்தா புருசன ஜப்பான்காரன் சயாம் ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனான். செத்தாரா இருக்காரான்னு ஒரு சேதி இல்ல. என் கூடப் பொறந்தவ இன்னைக்கும் ரெண்டு பேருக்குச் சோறு வடிக்கிறா. அதப் பார்க்கறவன் நான்."

பஞ்சாலை கண்ணெதிரே இருந்த பட்டையைப் பார்த்தாள். பழைய வெட்டுக்காயத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. இது நிஜமென்றால் இந்த இடத்திலேயே சருகில் விழுந்து புரண்டு அழ வேண்டும். பொய்யென்றால், அவள் அழ வேண்டும் என்பதற்காகவே சொல்லப்பட்ட பொய். அழுகிறவள், புருசன் காட்டுக்குள் இருந்ததை ஒத்துக்கொண்டவள். ராத்தா கதை கேட்பவர் மனசை இளக்கத் தோதாக இருந்தது. தோதாக இருந்ததாலேயே அவளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தக் குரல் கடைசியில் கம்மிப்போனதே, அதையும் ஒருவன் நடிப்பானா? நடிக்கிறவர்களைத்தானே அனுப்புவார்கள்.

"எங்க வீட்டுக்காரரு கெமாஸ்ல இருக்காரு பாய்" என்றாள். காசிமுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "போன மாசம்கூடக் கடுதாசி வந்துச்சு."

துணிக்குள் பாயின் கை அசைந்தது. பிறகு, 'டக்'.

பாய் தலையை வெளியே எடுத்தபோது முகம் வேர்த்திருந்தது. "அப்ப நான் பார்த்தது வேற ஆரோ" என்றார். தகட்டை மாற்றினார். காசிம் சுருட்டை மிதித்து அணைத்துவிட்டு, "சுடா, பாய்?" என்று, முடிந்ததா என மலாயில் கேட்டான். பாய் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று.

"துரைசாணி மொகம் தெரியற மாதிரி ஒண்ணு கேட்டாங்க. இப்படித் திரும்பு. சிரிக்கணுமாம்."

பஞ்சாலை திரும்பினாள். சிரித்தாள். காற்றில் இலைகள் சுழன்று அவள் தலையிலும் வாளியிலும் விழுந்தன. சிரித்துக்கொண்டு நிற்கும்போதே சன்னாசியின் பாதம் நினைவுக்கு வந்தது. சின்ன வயசில் வேறொரு தோட்டத்துப் புகைக்கூடத்தில் நெருப்பை மிதித்துவிட்டானாம். வலது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று மேலே, பிறை போல ஒரு தழும்பு. கல்யாணமான புதிதில் முள் எடுக்கும்போது பார்த்தாள். அங்கே தொட்டால் கூசும், காலை இழுத்துக்கொள்வான். தரையில் ஊன்றுகிற இடம், இந்தத் தோட்டத்தில் வேறு யார் பார்த்திருக்கப்போகிறார்கள்? கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்டாலே காட்டிக்கொடுத்ததாகவும் ஆகிவிடும். அவள் கேட்கக்கூடாதென்றுதான் நினைத்தாள்.

"பாய், ஸ்டேசன்ல எடுக்கற படத்துல..." உதடு சிரிப்பிலேயே இருந்தது. "காலெல்லாம் தெரியுமா?"

துணிக்குள் போகக் குனிந்தவர் அப்படியே நின்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"மார்பளவுதான் தங்கச்சி. அவ்வளவுதான் எடுக்கச் சொல்லுவாங்க."

பதில் வந்த மறுகணமே, தன் கேள்வியை விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது அவளுக்கு. காசிம் எப்போது இவ்வளவு பக்கத்தில் வந்தான்? மூன்றே மரம் தள்ளி நின்று, துப்பாக்கி வாரைச் சரிசெய்தபடி அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அல்லது சருகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் தூங்கியதாகச் சொல்ல முடியாது. லாரிச் சத்தம் கேட்டால் முத்தாயியின் துணிகளை மூட்டை கட்டினாள், சத்தம் ஓய்ந்ததும் அவிழ்த்தாள். லெட்சுமி பேசுவதை நிறுத்தியிருந்தாள். மரங்களில் செம்புநிறத் தளிர் விட்டு, வெட்டு மறுபடி தொடங்கிய இரண்டாம் நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மண்டோர் மூன்று பெண்களின் பெயரைப் படித்தார். மூன்று பேருக்கும் புருசன் வெளியூரில்.

ஆபீஸ் தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். காசிம் தூணில் சாய்ந்து நின்றான். பஞ்சாலை இரண்டாவது ஆள்.

"ஒன் புருசன் எங்க?"

"கெமாஸ்லங்க ஐயா. ரயில் வேலை."

"கடுதாசி வந்துச்சாமே போன மாசம்."

அவள் தூண் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள். "ஆமாங்க ஐயா. பிள்ள கிழிச்சுப் போட்டுருச்சு."

அவர் ஒரு படத்தை மேசையில் தள்ளினார். மார்பளவுப் படம். முகமென்று சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை. மண்டோர் அதை ஏற்கெனவே பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். பஞ்சாலையும் தெரியவில்லையென்று தலையாட்டினாள். காதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியபோது படம் திரும்பப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் அந்த உடம்பின் அடையாளங்கள் எழுதிய தாளைப் பார்த்தபடி, முன்னால் போனவளிடம் கேட்ட அதே சலிப்போடு கேட்டார். "ஒன் புருசனுக்கு வலது உள்ளங்கால்ல, குதிக்கு மேல, சுட்ட தழும்பு ஏதாச்சும் உண்டா?"

தாழ்வாரத்தின் தகரக் கூரையில் ஒரு புறா நடக்கும் சத்தம் கேட்டது. பஞ்சாலை மூச்சை உள்ளே இழுத்தாள். அதை வெளியே விடும்போது குரல் ஒழுங்காக வந்தது.

"இல்லீங்க ஐயா. அவரு காலு சுத்தமா இருக்கும்."

"நிச்சயமா?"

"எட்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன் ஐயா. எனக்குத் தெரியாதா?"

அவர் தாளில் ஒரு கோடு போட்டார். "சரி, போ. அடுத்தது ஆரு?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். மற்றவர்கள் பாதி நிரை முடித்து வெகுதூரம் போயிருந்தார்கள். அவர்கள் பேச்சு அப்பாலிருந்து மெலிதாகக் கேட்டது. தன் நிரையின் முதல் மரத்தில் கத்தியை வைத்து, வழக்கம்போலப் பட்டையைச் சீவினாள். வெட்டு நன்றாக விழுந்தது. பால் முத்து முத்தாக அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவில் மெல்ல இறங்கி வந்தது. அதை ஏந்துகிற மங்கு, நேற்றுப் பால் எடுத்தபின் கவிழ்த்து வைத்தபடியே கம்பி வளையத்தில் இருந்தது. அவள் அதை நிமிர்த்தவில்லை. பால் தகரநாக்கின் நுனிக்கு வந்து, தயங்கி, கவிழ்ந்த மங்கின் முதுகில் வழிந்து, கீழே சருகில் சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. சிவந்த இலையொன்றின் மேல் விழுந்து, அது நிறைந்து, மண்ணுக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கேயும் மங்கு கவிழ்ந்துதான் இருந்தது.