கியாசுதீன் பாயின் மிக்ஸ்சர் புட்டி

இப்போதெல்லாம் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். லூர்துவுக்கு அதில் மனசே ஒட்டவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பெரிய கடைவீதி டிஸ்பென்சரியில் அவன் கம்பவுண்டராக இருந்தபோது, நோயாளிகள் வீட்டிலிருந்தே புட்டி கொண்டு வருவார்கள். அவன் மிக்ஸ்சர் மருந்தை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, வேளைக்கொரு பல் வைத்து வெட்டிய காகிதத்தைப் புட்டியில் ஒட்டித் தருவான். அந்த மருந்து வாசனையை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. கூடவே கியாசுதீன் பாயும் நினைவுக்கு வந்துவிடுவார்.

பாய் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். மனைவி வஹீதா மௌத்தானதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மகள் நஜீமா வாராவாரம் வம்படியாக அனுப்பிவைப்பாள். டாக்டர் நாடியைப் பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், தூக்க மருந்து எழுதுவார். ஐந்தாம் வாரம் பாய் பட்டப்பகலில் கண் சொருகி, ஜட்காவிலிருந்து விழுந்து, நெற்றிக் கட்டோடு வந்தார். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்த கதையாக, டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார். மருந்தை இரட்டிப்பாக்கி, "அடுத்த வாரமும் தூக்கம் வரலேன்னா வண்டியத் தொடக் கூடாது" என்றார். வண்டியை விட்டால் பாய் வீட்டில் அடுப்பு எரியாது.

காலிப் புட்டியை வாங்கிய லூர்து திகைத்துப்போனான். மருந்து குடிக்கிற வீட்டுப் புட்டியில் காகிதம் பிசுபிசுத்து அழுக்கேறி வரும். இதுவோ ஒட்டினபடியே வெள்ளைவெளேரென்று இருந்தது. நாலு வாரமும் கவனிக்காமல் விட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"பாய், மருந்தைக் குடிக்கவே இல்லையா?"

"கொட்டிட்டேங்க."

"ஏன் பாய்?"

"குடிச்சா தூங்கிடுவேனே." பாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு அசந்து தூங்கிட்டேன். விடிஞ்சு பார்த்தா அவ போயிட்டா. கூப்பிட்டிருப்பா. என் காதுல விழல."

"கூப்பிட்டாங்கன்னு யாரு சொன்னா?"

"முப்பது வருஷமா என்னையத்தானே கூப்பிட்டா? வேற யாரைக் கூப்பிடுவா?"

லூர்து திரும்பிப் பார்த்தான். அலமாரி நிறைய மருந்து இருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை.

"இப்படியே படுங்க பாய். நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். அவங்க கூப்பிட்டா எழுப்புறேன்."

பாய் அவன் முகத்தையே பார்த்தார். "எழுப்பிடுவீங்கள்ல?"

"மாதா மேல சத்தியம்."

பாய் பெஞ்சில் முடங்கிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. உள்ளே டாக்டர் இரண்டு தடவை மணியடித்தார். லூர்து அசையவில்லை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தான்.