அச்சங்குளத்தில் எரிந்த மன்மதன்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் கனகமணி ஆள் நெட்டை. அதனாலேயே விருதுநகர் ரத்தினசாமி நட்டுவனாரின் நாட்டியக் குழுவில் ஆறு வருஷமாக அவளுக்கு மன்மதன் வேஷம்தான். கரும்பு வில்லோடு வந்து ஆடுவாள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் எரிந்து விழுவாள். மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஆயுதபூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விளக்கு ஏற்றக் கூடாது என்பதால் ஆட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு. கேட்டிலேயே ஃபோர்மேன் உக்கிரபாண்டி மறித்துக்கொண்டார். சலங்கைக்குள் இரும்புக் குண்டு உரசிப் பொறி பறக்கும் என்று ஒவ்வொரு சலங்கையிலும் பஞ்சு திணிக்கச் சொன்னார். நட்டுவனாரின் தாளத்தில் ஒன்று இரும்பு என்று தெரிந்ததும் அதையும் வாங்கிப் பூட்டி வைத்தார். தரையை ஓங்கி மிதிக்கவும் கூடாதாம். மிதிக்காமல் எப்படி ஆடுவது என்று நட்டுவனார் கேட்டார்.

"மெல்லக் கால வச்சு ஆடுங்க. இங்கன நாங்க எல்லாரும் அப்பிடித்தான் நடக்கோம்" என்றார் உக்கிரபாண்டி.

சிவனாக வந்த ஆவுடைத்தாய், தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் போல ருத்ரதாண்டவம் ஆடினாள். கூடியிருந்த இருநூறு தொழிலாளிகளும் அதில் ஒரு குறையும் காணவில்லை.

நெற்றிக்கண் திறந்தது. பாட்டுக்காரர் 'பற்றியதே தீ' என்று உச்சத்தில் எடுத்தார். கனகமணி விழுந்தாள். மறுகணம் இருநூறு பேரும் எழுந்து, 'தீ' என்ற சொல்லுக்குப் பழக்கியிருந்தபடி ஓடாமல் பேசாமல் வரிசையாகக் கேட்டுக்கு வெளியே நடந்தார்கள். குழுவையும் உக்கிரபாண்டி அவர்களோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போனார். துணிக்கடியில் கிடந்த கனகமணி, சனம் உருகிப்போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாள்.

யாரோ துணியை விலக்கினார்கள். உக்கிரபாண்டி, கையில் மணல் வாளியோடு.

"டீச்சர், எண்ணிக்கையில ஒரு ஆள் கொறையுது. எந்திரிங்க."

தான் எரிந்து சாம்பலாகிவிட்டதாகவும், இப்போது எழுந்தால் கதை கெட்டுப்போகும் என்றும் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். கேட்டைத் தாண்டிப் போய் எம்புட்டு நேரம் வேண்டுமானாலும் செத்துக் கிடக்கலாம் என்று சொல்லி, விதிப்படி அவள் மேல் ஒரு கை மணலைத் தூவி, அவர் வெளியே கூட்டிப்போனார்.

எங்கும் தீ இல்லை என்று சோதித்து முடிக்கும்வரை யாரும் உள்ளே திரும்ப முடியாது. அதனால் ரதியாக வந்த பொன்னுத்தங்கம், செத்துப்போன புருஷனுக்காக வெளியே கரிசல் பொட்டலிலேயே அழுது ஆடினாள். அங்கே மிதிக்கத் தடையில்லை. முழங்கால் வரை புழுதி எழும்பியது.

எண்ணிக்கைக்காக வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த கனகமணி வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஆறு வருஷமும் துணிக்கடியில் கிடந்தவள் இந்தக் கட்டத்தை ஒருநாளும் கண்டதில்லை. தனக்காக ஒருத்தி இப்படி அழுதிருக்கிறாள் என்று நினைத்ததும் மீசை மை வழிய அவளும் அழுதாள்.

பக்கத்தில் நின்ற சின்னத்தாய், வெடிக்குத் திரி செருகுகிறவள், அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதீக. செத்தவரு நல்ல மனுசன் போல."

"நல்லவன்தான்" என்றாள் கனகமணி.