தொட்ட சட்டியும் தொடாத சட்டியும்

"வெதையில மொதல்ல வெளிய வாறது எது?"

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊரில், போர்டு பள்ளிப் பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இலை என்றாள் ஒருத்தி, பூ என்றாள் ஒருத்தி. சௌந்திரம் டீச்சர் புத்தகத்தை மூடினாள்.

"கல்யாணத்துக்கு முளைப்பாரி போடுவாங்கல்ல? அதை இங்கயே போட்டுப் பாக்கலாம். பயறு கொண்டாங்க."

கண்ணாத்தாள், அக்காளின் கல்யாணத்துக்கு அம்மா எடுத்து வைத்திருந்த பாசிப்பயறில் ஒரு கை அள்ளி வந்தாள். டீச்சர் கொஞ்சம் ஊன்றி, மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். அது வீட்டில் கல்யாணப் பயறோடு கலந்துவிட்டது.

மறுநாள் அவள் அம்மா பழனியம்மாள் பள்ளி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அந்தப் பயறைத் தொட்டது நீங்களாங்க?"

"ஆமாங்க."

டீச்சரின் வெள்ளைச் சீலையைப் பார்த்தாள். "தாலியறுத்த கை பட்டதை எப்படிங்க கல்யாணத்துக்குப் போடறது? கண்ணாத்தா இனி வரமாட்டா."

"வேற பயறு மாத்திக்கலாமுங்க. புள்ளையை நிறுத்தாதீங்க."

"பயறை மாத்தலாம். உங்களை மாத்த முடியுங்களா?"

வலித்திருக்க வேண்டிய பேச்சு; வலிக்கவில்லை. புருஷன் காலராவில் போனதிலிருந்து சௌந்திரத்துக்கு அந்த இடம் மரத்திருந்தது.

கண்ணாத்தாள் குறுக்கே வந்தாள். "அம்மா, புதுச் சட்டி ரெண்டு வெக்கலாம். ஒண்ணுல நீ போடு, ஒண்ணுல டீச்சர் போடட்டும். டீச்சருது மொளைக்கலீன்னா நானே பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கறேன்."

"இதுவும் பாடமாங்க?" என்று டீச்சரைக் கேட்டாள் பழனியம்மாள்.

"பாடந்தானுங்க. மண்ணு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. கை மட்டும் வேற."

படியில் நின்றபடியே பழனியம்மாள் ஒன்றில் ஊன்றினாள்; மற்றதில் டீச்சர்.

முளை கண்டதும் ஆள் அனுப்பி வரச் சொன்னார்கள். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல என்னுது எது?"

"சுண்ணாம்புப் பொட்டு வெச்சதுங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது, பாத்தியாம்மா?" என்றாள் கண்ணாத்தாள்.

"பாத்தேன் சாமி. மொளைக்காதுன்னு நான் எப்பச் சொன்னேன்?" அவள் குரலில் கோபமே இல்லை. "யாருகிட்டப் படிச்சான்னு உன்னைக் கட்ட வாறவங்க கேப்பாங்கல்ல. அவங்களுக்குச் சட்டியத் தூக்கிக் காட்டறதா?"

தன் சட்டியை இடுப்பில் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கண்ணாத்தாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சௌந்திரம் மிஞ்சிய சட்டியிலிருந்து ஒரு முளையைப் பிடுங்கி உயர்த்தினாள்.

"மொதல்ல வெளிய வாறது எது?"

"வேருங்க," என்றார்கள் எல்லோரும்.

"செரி. உக்காருங்க."