இந்தியா ஊற்றிய உலைத்தண்ணீர்

மணியக்காரர் பூவராகவன் பள்ளிக்கூடத்துக்கு வரப் போகிறார் என்று தலைமையாசிரியர் சுப்பிரமணி வந்து சொன்னதும் சந்திரகலா டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஆரம்பாக்கத்தில் அந்த மனிதர் யாரையும் தேடிக்கொண்டு போய்ப் பழக்கமில்லை. மற்றவர்கள்தான் அவர் வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்பார்கள்.

"உன் கிளாஸ்ல படிக்குதே அவரு பேத்தி கனகாம்பாள், அது ஊட்ல போய் எல்லாத்தையும் சொல்லிடுச்சாம். ஏம்மா, ஐ.நா. தினம்னா ரெண்டு பாட்டு பாடிட்டு மிட்டாய் குடுக்கறதோட நிறுத்தக் கூடாதா? சோறாக்கிப் போடச் சொல்லி சர்க்குலர்ல போட்டிருந்தானா?" என்றார் சுப்பிரமணி.

போடவில்லைதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவளேதான். உலகம் ஒரே குடும்பம் என்று ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், சேரிப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். அந்த எரிச்சலில்தான் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு நாடும் ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். ஒரே பானையில் பொங்கி எல்லோரும் சாப்பிட வேண்டும். நேற்று அப்படியே நடந்தது.

அரிசியால் வம்பு வராது என்று அவளுக்குத் தெரியும். ஊர் வழக்கப்படி அரிசிக்குத் தீட்டில்லை. யார் கையிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் பட்டு உலையேறினால்தான் தீட்டு. அந்தத் தண்ணீரில்தான் கோட்டை விட்டாள். சீட்டில் இந்தியா விழுந்தது சேரியிலிருந்து வரும் கோவிந்தம்மாவுக்கு. விருந்து வைக்கிற நாடு நீதானே, உலைத்தண்ணியை நீயே ஊத்து என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பயந்து பயந்து குடத்தைத் தூக்கி ஊற்றிவிட்டு, பிறகு பல் தெரியச் சிரித்தது. நேற்று அது டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதுவே வினையாக வந்து நின்றது.

தனக்கு என்ன ஆகிவிடும்? மிஞ்சிப் போனால் ஆர்.கே.பேட்டைப் பக்கம் தூக்கியடிப்பார்கள். ஆனால் கோவிந்தம்மாவின் அப்பன் துலுக்காணம் மணியக்காரரிடம் நெல் கூலிக்கு உழைக்கும் படியாள். அவன் குடிசை நிற்பதும் அவர் நிலத்தில்தான். போன மார்கழியில் தஞ்சாவூர்ப் பக்கம் கூலி உயர்த்திக் கேட்ட ஜனங்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய சேதி வந்தபோது, அவர் படியாட்களைக் கூப்பிட்டு வைத்து அந்தப் பேப்பரைப் படித்துக் காட்டினார் என்று ஊரில் பேச்சு. வேறொன்றும் சொல்லவில்லையாம். படித்துக் காட்டிவிட்டுப் போகச் சொன்னாராம்.

மணியக்காரர் வந்தார். கூட வந்த ஆட்கள் படிக்கு வெளியே நின்றுகொண்டார்கள். பேத்தியை அழைத்து வரவில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

"இன்னா டீச்சரம்மா, நேத்து இங்க விருந்தாமே. அரிசி கெடக்கட்டும், அது இன்னா பெரிய விசயம். உலைத்தண்ணி யாரு ஊத்துனது? எம் பேத்தி துலுக்காணம் பொண்ணுன்னு சொல்லுது. கொயந்த பேச்ச நம்பறதா வாணாமான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

வகுப்பு முழுக்க அவளையே பார்த்தது.

"நான்தாங்க ஊத்தினேன்."

மணியக்காரர் தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "துலுக்காணம் பொண்ணு எதும்மா? எய்ந்து நில்லு. நீ கொடத்த தொட்டியா?" என்றார்.

பயப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியக் கத்தியவள் டீச்சர்தான். பாவி, எதற்காக அதையெல்லாம் சொல்லிக் கொடுத்தோம் என்று இப்போது நொந்துகொண்டாள். சொல்லிவிடாதே கண்ணு, சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

கோவிந்தம்மா எழுந்து கைகட்டிக்கொண்டாள். "இல்லீங்க சாமி. டீச்சர்தான் ஊத்துனாங்க. நான் எட்ட நின்னுக்கினு இருந்தேங்க."

ஒரு தடுமாற்றம் இல்லை.

"அதான பாத்தேன்," என்றார் மணியக்காரர். "டீச்சரம்மா, இனிமே பாடத்தோட நிறுத்திக்கங்க."

அவர்கள் வாசல் தாண்டிப் போன பிறகுதான் சந்திரகலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உயிரோடு கூடவே வெட்கமும் வந்தது. பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே மெட்ராஸ் ரயில் கூவிக்கொண்டு போயிற்று.

கோவிந்தம்மா மேஜையருகே வந்தாள். மேஜையைத் தொடாமல் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"டீச்சர், நான் கரெக்டா சொன்னனா?"

"கரெக்டாதான் சொன்னே," என்றாள் டீச்சர். வேறு பதில் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை.