ஷூ போட்ட அப்பா

வேலையை உதறிவிட்டு வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கிய முதல் மாதம், மனிதர் சோபாவை விட்டு அசையவில்லை. கையிலிருந்தது ஒரு சலவை இயந்திரத்தின் கையேடு, வெறும் பன்னிரண்டு பக்கம். பத்து நாளாகியும் "முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்ற வரியைத் தாண்டவில்லை. அதட்ட ஒரு மேனேஜர் இல்லாவிட்டால் தனக்கு உடம்பு வணங்காது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு மனைவியிடமும் மகளிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே கதவைத் திறந்து ஆபீசுக்குள் நுழைவார். ஷூ காலில் இருக்கும்வரை வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது.

வேலை மளமளவென்று நடந்தது. கையேடுகள் மேல் கையேடுகள் வந்தன. ஷூவைக் கழற்றத்தான் நேரமில்லை. சாப்பிடக்கூட அதோடுதான் வந்து உட்கார்ந்தார்; அவர் சொல்லைத் தட்டாமல் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் அவருடைய நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டே சமையலறையைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, அப்பா எப்ப வருவாரு?"

"தெரியலடி. பழைய மேனேஜராவது ஆறு மணிக்கு விட்டுடுவாரு. இப்ப இருக்கறவரு ரொம்ப மோசம்."

அவர் எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்திவிட்டு அழைப்பு மணியை அழுத்தினார். திறந்த மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் பாதங்களைத்தான் பார்த்தாள். ஷூ இரண்டும் அவர் கையில் இருந்தன.